பெரியவளின் கையெழுத்து

மறதிக்காரிகளை எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று பெரியவள் மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் என்று எப்படிக் கணக்கு வந்தது என்றால், கொழுந்தனுக்கு மனைவியாகச் சின்னவள் அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருடம்தான் ஆகிறது.

சின்னவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போவாள். போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி அகப்பட்டால் போதும். கீழே பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, வீடு முழுக்கத் தீய்ந்த வாடை பரவிய பிறகு மாடிப்படியில் “ஐயையோ!” என்று ஒரு சத்தம் கேட்கும். வேறு வீடாக இருந்தால் ரகளை நடந்திருக்கும். இந்த வீட்டில் மாமியார் விழுந்து விழுந்து சிரிப்பார். “இவளுக்குத் தலை கழுத்தோட ஒட்டியிருக்கோ, தப்பிச்சுது. இல்லன்னா அதையும் எங்கயாவது வச்சிட்டு வந்திருப்பா” என்பார். சின்னவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். கருகின பாத்திரத்தைத் தேய்ப்பது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

பெரியவளும் ஒரே ஒரு முறை, ஆறு வருடத்துக்கு முன்னால், குளியலறைக் குழாயை மூட மறந்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். அந்தக் காய்ச்சலை யாரும் சொல்வதில்லை. கூடம் வரைக்கும் தண்ணீர் வந்ததை மட்டும் விருந்தாளி வரும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள். “எதையும் மறக்காதவ மறந்துட்டா, பாருங்களேன்!” இதைச் சொல்லும்போது மாமியார் சிரிப்பதில்லை.

இத்தனைக்கும் சின்னவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. அதில் தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத ஒரு நீள அறை. ஆப்பரேஷன் முடிந்து வருகிற கத்தி, கத்திரி, குறடு எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, துணியில் கட்டி, நீராவியில் வேக வைத்துக் கிருமி நீக்கி மறுபடி மேலே அனுப்புகிற இடம். பெரியவளுக்கு அங்கே பதினோரு வருட அனுபவம். “என் ஓரகத்தி சும்மாதான் இருக்கா, நல்ல பொண்ணு” என்று மேட்ரனிடம் அவளேதான் போய்ச் சொன்னாள். சொன்ன வாயை அதற்கப்புறம் எத்தனை தடவை நொந்துகொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அந்த அறையில் வேலை இப்படி. ஒவ்வொரு கட்டையும் பச்சைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு டேப் ஒட்டுவார்கள். அந்த டேப்பில் சாய்ந்த கோடுகள் இருக்கும். ஒட்டும்போது அவை வெளிறிக் கிடக்கும். நீராவி மிஷினுக்குள் போய் நன்றாக வெந்து வெளியே வந்தால் கரி பூசியதுபோல் கறுத்துவிடும். கட்டுக்குள்ளேயும் இதே மாதிரி நிறம் மாறும் ஒரு காகிதத் துண்டை வைப்பார்கள். கோடு கறுத்திருந்தால் மேலே போகலாம். வெளிறி இருந்தால் அது கழுவின பாத்திரம்தானே தவிர, கிருமி போன கருவி இல்லை. கட்டியவர் தன் அடையாளத்தை டேப்பின் ஓரத்தில் எழுத வேண்டும். வண்டியில் அடுக்கிய பிறகு, கட்டாத மற்றவர் வந்து பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டியவரே கையெழுத்துப் போடக் கூடாது. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் எவரோ விவரமானவர் போட்ட சட்டம் அது.

இருப்பது இரண்டே பேர். ஆகவே பெரியவள் கட்டியதற்குச் சின்னவள் கையெழுத்து, சின்னவள் கட்டியதற்குப் பெரியவள் கையெழுத்து. பெரியவள் ஒவ்வொரு கட்டையும் எடுத்து, டேப்பை விரலால் தடவி, திருப்பி, மூலையை முகர்ந்துகூடப் பார்ப்பாள். இதனால் மேல் மாடிகளில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். சின்னவளுக்கு என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? ‘ஐயையோ’. ஒரு பெயரைச் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பார்கள், இன்னொன்றைச் சொல்லும்போது சிரிப்பார்கள்.

வார்டிலிருந்து போன் வந்தால் குரல்கள் முதலில் கேட்பது, “ஐயையோ இருக்காங்களா?” என்றுதான். அவள் போனை எடுத்தால் பஞ்சு எத்தனை கட்டு என்பதில் ஆரம்பித்து, பிள்ளைக்குப் பல் முளைத்ததா, இடுப்பு வலி தேவலையா என்று போய் முடியும். பெரியவள் எடுத்தால், “பஞ்சு பத்து. சரி” என்று எதிர்முனை போனை வைத்துவிடும். இவளுக்கும் இடுப்பு உண்டு, இவளுக்கும் வலி உண்டு. யாரும் கேட்டதில்லை. பதினோரு வருடத்தில் பெரியவள் கட்டி அனுப்பிய ஒரு கட்டும் திரும்பி வந்ததில்லை. அதையும் யாரும் சொன்னதில்லை. சின்னவள் கட்டி அனுப்பப் பார்த்ததில் எத்தனையோ தப்பைப் பெரியவள் கீழேயே பிடித்து, முணுமுணுத்துக்கொண்டே சரிசெய்திருக்கிறாள். கத்திரி ஒன்று குறையும், உள்ளே வைக்கும் காகிதம் விட்டுப்போகும், பெரிய கட்டுக்கான துணியில் சின்னதைக் கட்டி மூட்டைபோல் ஆக்கியிருப்பாள். மேலே போகிறபோது எல்லாம் சுத்தமாகப் போகும், சின்னவள் பெயரோடு.

அந்த வாரம் அறைக்குப் புதிதாக இரண்டு பேர் வருவதாகப் பேச்சு. நாலு பேர் ஆகிவிட்டால் ஒருவர் பொறுப்பாளர் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை பெயர் அறிவிப்பார்கள் என்றார்கள். பெரியவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றாலும், உள்ளுக்குள் அந்தப் பெயரை எழுதி, சட்டம் போட்டு மாட்டியே விட்டாள். வேறு யாரைப் போட முடியும்?

புதன்கிழமை மத்தியானம் பதிவேட்டைக் கொடுக்க மேட்ரன் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேட்ரன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“சின்னவளையே போட்டுடலாம்னு பார்க்கறேன். ஆமா, மறதிதான். ஆனா நாலு பேரை அரவணைச்சுப் போவா. பெரியவ வேலையில குறை சொல்ல முடியாது. ஆனா அந்த முகத்தைப் பார்த்தா மேல இருந்து வர்றவங்க லிஃப்ட்லேயே திரும்பிப் போயிடறாங்களே, என்ன பண்ண?”

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, மேட்ரன் சிரித்தார்.

பெரியவள் பதிவேட்டைக் கொடுக்காமலே திரும்பினாள். கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் தன் முகத்தைப் பார்த்தாள். என்ன குறை இந்த முகத்துக்கு? பதினோரு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த முகம் வேறு எப்படி இருக்கும்? வயிறு பற்றி எரிந்தது. அப்படி எரிவது அவளுக்குப் புதிதில்லை, ஆனால் அன்றைக்கு அணையவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் சின்னவள் வேறு எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றினாள். பெரியவள் துணி மடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள்.

“அக்கா, பொறுப்பாளர் நீங்கதான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, பொறுப்பாளர் ஆனப்புறம் என்னைத் திட்டக் கூடாது, சொல்லிட்டேன்.”

“எல்லார்கிட்டயும்னா யார்கிட்ட?”

“வார்டு, தியேட்டர், கேன்டீன்... மேட்ரன்கிட்டகூடச் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க.”

பெரியவள் துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள். பரிந்து பேசவும் இவள்தான் வேண்டுமா? தனக்காக மேட்ரனிடம் தன்னால் பேச முடியாததை, போகிற போக்கில் இவள் பேசிவிட்டு வருகிறாள். அதைக் கேட்டு மேட்ரனுக்கு இவள்மேல் இன்னும் பிரியம்தான் கூடியிருக்கும். கெட்டவளாக இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். இந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வது? பெரியவளுக்கு அவளை அப்படியே பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு ஆப்பரேஷன். எட்டு வயதுப் பெண் குழந்தை, சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை எலும்பு விலகியிருந்தது. ஆப்பரேஷன் தியேட்டருக்குப் பதினான்கு கட்டுகள் வேண்டும் என்று சீட்டு வந்தது. சின்னவள் கட்டிய பதிமூன்று ஏற்கெனவே வெந்து ஆறிக்கொண்டிருந்தன. பதினான்காவது சின்னக் கட்டு, சிறு எலும்பைப் பிடிக்கும் குறடுகளும் இரண்டு கத்திரியும். அதையும் அவளே கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றில் மிஷினுக்குள் போக வேண்டியது அது.

அவள் டேப்பை ஒட்டி, ஓரத்தில் ‘சி’ என்று எழுதி, எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் நடந்தாள். அந்த நேரம் பார்த்து சுவர் போன் அடித்தது. கையில் கட்டோடு போய் எடுத்தாள். “யாரு? அடடே, எப்ப டியூட்டிக்கு வந்தீங்க?” என்று ஆரம்பித்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, குறித்துக்கொள்ளப் பேனா தேடினாள். கை காலியாக வேண்டும். பக்கத்தில் நின்ற வண்டிமேல் கட்டை வைத்தாள், ஆறிக்கொண்டிருந்த பதிமூன்றோடு. எழுதினாள். சிரித்தாள். போனை வைத்தாள். நேரே போய் மிஷின் கதவை மூடி, அடுத்த சுற்றை ஓட விட்டுவிட்டுக் கழுவும் தொட்டிக்குப் போய்விட்டாள். அவள் மனதில் அந்தக் கட்டு உள்ளே வெந்துகொண்டிருந்தது.

அரை மணிக்கப்புறம் வண்டியை லிஃப்ட் அருகில் நிறுத்திவிட்டு, “அக்கா, கையெழுத்து!” என்று குரல் கொடுத்தாள். மிஷினிலிருந்து எடுத்து வைத்தோமா இல்லையா என்று அவள் யோசிக்கவே இல்லை. எண்ணினாள், பதினான்கு இருந்தது. அவளுக்கு அது போதும்.

பெரியவள் வந்தாள். விரல் முதல் கட்டின் டேப்பைத் தடவியது. கறுப்பு. இரண்டாவது, மூன்றாவது, கறுப்பு. மேல் தட்டின் இடது மூலையில் கடைசியாக இருந்த சின்னக் கட்டில் கண் போய் நின்றது. கோடுகள் வெளிறிக் கிடந்தன. ஓரத்தில் ‘சி’.

இந்த இடத்தில் அவள் வழக்கமாகச் செய்வது என்ன? “ஏய், இங்க வா!” என்று ஒரு அதட்டல். அவள் ஓடி வந்து, “ஐயையோ!” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கட்டு மிஷினுக்குள் போகும், ஆப்பரேஷன் அரை மணி தள்ளிப்போகும், மேலே சின்னவளே போன் பண்ணி ஏதோ சொல்லிச் சமாளிப்பாள். அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாளைக்குப் பொறுப்பாளர் பட்டியலில் அவள் பெயர் வரும்.

பெரியவள் அதட்டவில்லை.

ஒரு தடவையாவது மாட்டட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது, நேர்மையாகச் சொன்னால். தியேட்டர் சிஸ்டர் கட்டைப் பிரிக்கும் முன் டேப்பைப் பார்ப்பாள். பார்க்காமல் யாராவது பிரிப்பார்களா? வெளிறிய கோட்டைப் பார்த்ததும் கட்டு திரும்பி வரும். திரும்பி வந்தால் புத்தகத்தில் ஏறும், கட்டியவர் பெயரோடு. வியாழக்கிழமை ஏறினால் வெள்ளிக்கிழமை மேட்ரன் கண்ணில் படும். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. சின்னவளுக்குக் கொஞ்சம் மூக்கு உடையும், அதுவும் உடைய வேண்டிய மூக்குதான். தன் கையெழுத்து? சீட்டில் என்ன அச்சடித்திருக்கிறது? ‘பதினான்கு கட்டுகள் அனுப்பப்பட்டன.’ பதினான்கு இருக்கிறது. எண்ணிக்கைக்குத்தான் கையெழுத்து என்று தனக்குத்தானே ஒரு வக்கீலை வைத்து வாதாடி, தீர்ப்பையும் வாங்கிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டாள். லிஃப்ட் வந்தது. சின்னவள் வண்டியை உள்ளே தள்ளினாள்.

அதற்கப்புறம் பெரியவள் போனையே பார்த்துக்கொண்டு கத்திரி துடைத்தாள். இப்போது அடிக்கும். அடித்ததும் தானே எடுக்கக் கூடாது, சின்னவள்தான் எடுக்க வேண்டும். “என்னது, வேகாத கட்டா?” என்று அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். “நான் எண்ணிக்கைதான் பார்த்தேன்மா, நீதான் கட்டினே” என்று சொல்ல வேண்டிய வார்த்தையை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பதினொன்று அடித்தது. போன் அடிக்கவில்லை. பதினொன்றேகால் ஆயிற்று.

துடைத்த கத்திரியையே மறுபடி துடைத்தாள். ஏன் அடிக்கவில்லை? பிரிக்காமல் வைத்திருப்பார்களா? சின்னக் கட்டு, கடைசியில்தான் தேவைப்படும். தேவைப்படும்போது பார்ப்பார்கள். பார்க்காவிட்டால்? எழுந்து போன் பக்கம் நடந்தாள். நான்கு எண்ணைச் சுழற்றினால் தியேட்டர். “மூலையில ஒரு சின்னக் கட்டு, அதைப் பிரிக்காதீங்க.” எட்டு வார்த்தைகூட இல்லை.

அதற்குள் போன் அடித்தேவிட்டது. சின்னவள் ஈரக் கையைத் துடைத்தபடி ஓடி வந்து எடுத்தாள். கேன்டீன்காரி. நாளைக்குப் பட்டியல் வருகிறதே, இனிப்பு உண்டா என்று கேட்கிறாள் போலிருக்கிறது. சின்னவள் பெரியவள் பக்கம் திரும்பிக் கண்ணடித்து, “அக்கா வாங்கித் தருவாங்க!” என்றாள். பிறகு அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, குரலைத் தாழ்த்தி, “சேச்சே, நான் இல்லைங்க” என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஆக, கேன்டீன் வரைக்கும் தெரிந்திருக்கிறது. கேன்டீனும் அவள் பக்கம்தான். பெரியவள் போன் பக்கம் நீட்டின கையை மடக்கிக்கொண்டு, திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேன்டீன்காரியின் பேச்சு ஆறு நிமிடம் ஓடியது. பெரியவள் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். அந்த ஆறு நிமிடத்தில் ஒரு தடவைகூட, “வை போனை” என்று அவள் சொல்லவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குத்தான் தியேட்டரிலிருந்து போன் வந்தது. சின்னவள் எடுத்தாள். சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். “ரெண்டு பேரையும் மேட்ரன் ரூமுக்கு வரச் சொல்றாங்கக்கா” என்றாள்.

அந்தக் குழந்தைக்குப் பின்னால் ஒரு குறையும் வரவில்லை, கை நன்றாகவே கூடியது. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. மேட்ரன் அறைக்குப் போகிற வழியில், தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்ன ஷூ, ஒற்றை ஷூ. இன்னொன்று சைக்கிளோடு தெருவிலேயே போயிருக்கும். டாக்டர் அவளிடம் குனிந்து, நான்கைந்து நாள் இங்கேயே வைத்திருந்து ஊசி போட வேண்டும், காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். “ஏன் டாக்டர், எல்லாம் நல்லா நடந்துதுன்னு சொன்னீங்களே?” என்று அவள் கேட்டாள். பெரியவள் நின்றுவிட்டாள். டாக்டர் பதில் சொல்வதைக் கேட்காமல் போக அவளால் முடியவில்லை. “ஒரு கருவியில சின்னக் கவனக்குறைவு நடந்திருக்கும்மா” என்றார் டாக்டர். ஷூவின் நாடாவை அந்த அம்மா விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

மேட்ரன் மேஜையில் பச்சைத் துணி விரிந்து கிடந்தது. டேப்பு, வெளிறிய கோடுகள், ஓரத்தில் ‘சி’. உள்ளே வைத்திருந்த காகிதமும் நிறம் மாறாமல் பக்கத்தில் இருந்தது. தியேட்டர் சிஸ்டர் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஆப்பரேஷன் முடிந்து துணிகளைச் சுருட்டும்போதுதான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

சின்னவள் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். “ஐயையோ” என்று இந்தத் தடவை சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. “நான்தான் மேடம். போன் வந்துது. வண்டியில வச்சேன். வச்சதையே மறந்துட்டேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?” என்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“கட்டினது நீ. சரி” என்றார் மேட்ரன். “பிரிச்சது இவங்க. ஏன் சிஸ்டர், டேப்பைப் பார்க்கலையா?”

தியேட்டர் சிஸ்டர் மூக்கை உறிஞ்சினாள்.

“பார்க்கலை மேடம். சீட்டைத்தான் பார்த்தேன். பெரியக்கா கையெழுத்து இருந்துது.” அவள் பெரியவள் பக்கம் திரும்பினாள். “உங்க கையெழுத்து இருந்தா நான் டேப்பைப் பார்க்கறதே இல்லைக்கா. மேல யாருமே பார்க்கறதில்லை. இவங்க கையெழுத்துன்னா ஒவ்வொண்ணா புரட்டிப் பார்ப்போம். உங்களுதுன்னா கண்ணை மூடிட்டு எடுத்துப்போம். புதுசா வர்ற நர்சுங்களுக்கும் நாங்க அப்படித்தான் சொல்லித் தர்றோம். பூதக்கண்ணாடி பார்த்தாச்சு, நாம பார்க்க வேண்டாம்னு. தப்பு என்னோடதுதான்.”

பதினோரு வருடமாகப் பெரியவள் காத்திருந்த வார்த்தை அது. அது இருந்திருக்கிறது. மேல் மாடியில், அவள் முதுகுக்குப் பின்னால், அவள் முகம் சுளிப்பதாக நினைத்த அத்தனை பேர் வாயிலும் இருந்திருக்கிறது. ஒருத்தியாவது கீழே வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் அடங்கியதும் இன்னொன்று புரிந்தது. சின்னவள் கையெழுத்தாக இருந்திருந்தால் அந்தக் கட்டு பிரிக்கப்பட்டே இருக்காது.

மேட்ரன் பெருமூச்சு விட்டார். குரல் இளகியிருந்தது. தன்னிடம் அந்தக் குரலில் அவர் பேசிப் பெரியவள் கேட்டதில்லை.

“நீங்க மனசை விடாதீங்கம்மா. மனுஷங்கதானே. பதினோரு வருஷத்துல ஒரு நாள் கவனம் தப்பிடுச்சு. யாருக்குத்தான் தப்பாது? டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்.” பிறகு சின்னவளைப் பார்த்தார். “உன்னைப் பொறுப்பாளரா போடலாம்னு இருந்தேன். இனிமே அது முடியாது. பெரியவ பேரைத்தான் எழுதப் போறேன்.”

“நான் முதல்லேருந்தே அதைத்தானே சொன்னேன் மேடம்” என்றாள் சின்னவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. பக்கத்தில் வந்து பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சிடுங்கக்கா.”

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பொறுப்பு, பரிவு, பேர். சின்னவளுக்கு மட்டுமே எல்லோரும் அள்ளிக் கொடுத்துவந்த அந்த மன்னிப்பும்கூட. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பெரியவள் அப்படி நின்றிருப்பாள் என்றுதான் சொல்ல வேண்டும், மேட்ரன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால். கவனம் தப்பிடுச்சு. திருட்டுப் பட்டம் கட்டியிருந்தாலும் பெரியவள் பொறுத்திருப்பாள். பாலைப் பொங்க விடுகிறவளோடு தன்னையும் ஒரே பெஞ்சில் உட்கார்த்தி வைப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. மனசாட்சி பேசியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் பேசியது வீம்பு.

“எனக்குக் கவனம் தப்பாது” என்றாள்.

“சரி, விடுங்க...”

“தப்பலை மேடம். நான் பார்த்தேன்.”

தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

சின்னவள்தான் முதலில் பேசினாள். “மேடம், நம்பாதீங்க. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாங்க. வீட்டுலயும் இப்படித்தான், நான் கருக விட்ட பாத்திரத்தையெல்லாம் இவங்கதான் தேய்ப்பாங்க.” அவள் பிடியை இன்னும் இறுக்கினாள். மேட்ரனும் தலையை ஆட்டினார். “தெரியுதும்மா. குடும்பத்துக்காகப் பழியை ஏத்துக்கறீங்க. பெரிய மனசுதான். ஆனா வேண்டாம்.”

இதற்குமேல் ஒரு கதவை யாரும் திறந்துவிட முடியாது. திரும்பி நடந்திருந்தால் ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கும். பெரியவளுக்கு அந்தப் பெஞ்சும், விரலில் இறுகிய ஷூ நாடாவும் கண்முன் வந்தன. அந்த அம்மாவிடம் ‘கவனக்குறைவு’ என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்.

“மேல் தட்டுல இடது மூலை” என்றாள். குரல் அவளுடைய வழக்கமான குரல், பஞ்சு பத்துக் கட்டு என்று சொல்கிற குரல். “பக்கத்துல இருந்தது ரெண்டு பெரிய கட்டு, அதை ஒட்டி இது. டேப்போட வலது நுனி மடங்கியிருந்துது, இப்பவும் மடங்கியிருக்கு, பாருங்க. மத்த பதிமூணும் சூடா இருந்துது, இது ஜில்லுனு இருந்துது. கோடு வெளிறி இருந்துது. ‘சி’ன்னு எழுதியிருந்துது. அவளைக் கூப்பிட்டிருந்தா போதும். கூப்பிடலை. மேல பார்த்துத் திருப்பி அனுப்புவீங்க, புத்தகத்துல இவ பேர் ஏறும், நாளைக்குப் பட்டியல்ல வராதுன்னு நெனச்சேன். நேத்து நீங்க போன்ல பேசினதைக் கேட்டேன். அதான். அப்புறம் பதினொண்ணே காலுக்குப் போன் பண்ண எழுந்தேன். பண்ணலை.”

இத்தனை துல்லியமாக யாராலும் பொய் சொல்ல முடியாது. அதுவும் இவள் சொன்னால். மேட்ரன் டேப்பை எடுத்தார். வலது நுனி மடங்கித்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். தியேட்டர் சிஸ்டர் அழுகையை நிறுத்திவிட்டுப் பெரியவளை, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சின்னவள் கையை எடுத்துக்கொண்டாள். உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். எதையும் நின்று பார்க்காதவள், நின்று பெரியவள் முகத்தைப் பார்த்தாள்.

“பார்த்துட்டு எவ்வளவு நேரம் நின்னீங்கக்கா?”

“லிஃப்ட் கதவு மூடற வரைக்கும்.”